ஒரே பெயரில் 2 கொக்கிரகுளம்

மூன்று வாரங்களாக என்னை அலைக்கழித்த ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய சிறு நிரல்) நேற்று இரவு பிழையின்றி ஓடி முடிந்தது. பாபநாசத்திலிருந்து சீவலப்பேரி வரை தாமிரபரணியின் படித்துறைகளையும் கரையோர மண்டபங்களையும் எடுத்த படங்கள் ஊர்வாரியாகப் பிரிந்து, அந்தந்த ஊர்ப் பெயரிட்ட கோப்புறைக்குள் சென்றுவிட்டன. அதற்குக் குறுக்கே நின்ற ஒற்றை எழுத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

படங்களில் பாதி நான் எடுத்தவை. மீதி, 2018 புஷ்கர நீராடல் விழாவின்போது அண்ணன் எடுத்துத் தம்முடைய பழைய மடிக்கணினியில் தமிழில் பெயரிட்டு வைத்திருந்தவை. அவற்றை ஆர்சிங்க் என்னும் நகலெடுக்கும் கட்டளையால் என் லினக்ஸ் கணினிக்குக் கொண்டுவந்தேன். இடைவெளி உள்ள பெயர்களை மேற்கோள் குறிக்குள் வைப்பது போன்றவை கைவந்துவிட்டதால், ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் என்று நம்பினேன். கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, குறுக்குத்துறை ஆகியவற்றின் படங்கள் ஒழுங்காக நகர்ந்தன. கொக்கிரகுளம், கோடகநல்லூர், கோபாலசமுத்திரம் என்னும் மூன்று ஊர்களில் மட்டும் அண்ணனின் படங்கள் இருந்த இடத்திலேயே கிடந்தன. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை ஒரு பெயரைத் திரையில் காட்டும். அதையே நான் தட்டச்சு செய்து கேட்டால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று, கட்டளைகளை ஏற்று இயக்கும் ஷெல் மறுக்கும்.

கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் லூப்பைத் திருத்தித் திருத்தி எழுதினேன், மொழி அமைப்பையும் சோதித்தேன், பயனில்லை. கடைசியில் மூன்று பெயர்களையும் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான், மூன்றுமே கொ அல்லது கோ என்று தொடங்குவது கண்ணில் பட்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் ஒருங்குறியில் கொகரத்தை இரண்டு வகையாக எழுதலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு வகை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு வகை. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலைதான். திரையில் இரண்டுக்கும் இம்மியளவும் வேறுபாடு தெரியாது. என் தமிழ்99 விசைப்பலகை சேர்ந்த வடிவத்தைத் தருகிறது. அண்ணனின் கணினியோ பெயர்களைப் பிரித்தே சேமித்திருக்கிறது.

இதை எண்ணிப் பார்த்தே உறுதி செய்தேன். பெயரை அப்படியே வெளியிடும் பிரிண்ட்எஃப் மூலம் அதை எண்ணிக்கை தரும் டபிள்யூசி கட்டளைக்கு அனுப்பி பைட்டுகளை எண்ணினால், என்னுடைய கொக்கிரகுளம் 36, அண்ணனுடையது 39. பிரிண்ட்எஃபுக்குப் பதில் எக்கோவைப் பயன்படுத்தினால் வரி முடிவுக்கு ஒரு பைட் கூடிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒருங்குறியைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகள் என்பதால், கணக்கு மிகச் சரியாகப் பொருந்தியது. நாம் 7 எழுத்தாகப் படிக்கும் சொல்லை என் ஷெல்லான பாஷ் 12 என்றும் 13 என்றும் எண்ணுகிறது. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் முதல் ஷெல்லை எழுதிய கென் தாம்ப்சனே 1992இல் ராப் பைக்குடன் சேர்ந்து யூடிஎஃப்-8ஐயும் வடிவமைத்தவர்; அந்த முறை, பாதையில் கோப்புறைகளைப் பிரிக்கும் சாய்கோட்டையும் பெயரின் முடிவைக் குறிக்கும் சுழியப் பைட்டையும் வேறு எழுத்துக்குள் வரவிடாததால்தான், தமிழ்ப் பெயர்கள் பழைய கருவிகளிலும் சிதையாமல் கடந்து போகின்றன. ஆனால் சிதைக்காமல் கடத்தும் கருவி, இரண்டு வடிவமும் ஒரே எழுத்து என்று அறியாது.

பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்ற யூகான்வ் என்னும் கருவியைக் கொண்டேன். பெயர் மாற்றும்போதுதான் பெரிய தவறு நேர்ந்தது. ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுதாதிருக்க பெயர் மாற்றவும் நகர்த்தவும் உதவும் எம்வி கட்டளைக்கு 'என்' (-n) என்னும் தேர்வைக் கொடுத்திருந்தேன். அதுவே போதும் என்று எண்ணினேன். ஆனால் சேரிடத்தில் அதே பெயரில் ஒரு கோப்புறை இருந்தால், எம்வி அதன் உள்ளேயே மற்றதைக் கொண்டுபோய் வைத்துவிடும். காலையில் திறந்து பார்த்தால் கொக்கிரகுளத்துக்குள் இன்னொரு கொக்கிரகுளம் இருந்தது. சேரிடத்துக்குள் நுழையாதே என்று சொல்லும் பெரிய டி (-T) என்னும் தேர்வையும் சேர்த்த பிறகே அது நின்றது. கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளைக்கு, உள்ளே இருப்பவற்றை முதலில் எடுக்கச் சொல்லும் டெப்த் தேர்வைக் கொடுப்பதும் கட்டாயம். தாய்க் கோப்புறையின் பெயரை முதலில் மாற்றிவிட்டால், உள்ளே இருப்பவற்றின் பாதை செல்லாமல் போய்விடும். முழுப் பாதையையும் மாற்றாமல் கடைசிப் பெயரை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை உணர எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன.

இதற்கெல்லாம் நான் பயன்படுத்துவது, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பழையதாக வாங்கிய 4 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினிதான். டெர்மினல் வேலைக்கு அது தாராளம். விசைகளின் மேல் ஒட்டத் தமிழ்99 எழுத்துகள் பதித்த ஒட்டி கிடைக்குமா என்று ரயில் சந்திப்புப் பக்கம் தேடியும் அகப்படவில்லை. நானே அச்சிட்டு ஒட்டலாம் என்றிருக்கிறேன்.

முறப்பநாட்டுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் போய் எஞ்சிய படித்துறைகளைப் படமெடுக்கத் திட்டமிட்டிருக்கிறேன். அதற்கு முன், இரண்டு கொக்கிரகுளங்களையும் ஒன்றாக்கும் வேலை மீதமிருக்கிறது: பெயர் ஒன்றாக இருந்தாலும் படம் ஒன்றுதானா என்பதை, கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற எண்ணைத் தரும் ஷா256சம் கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, உண்மையிலேயே ஒரே படமானவற்றில் ஒன்றை மட்டும் நீக்க வேண்டும். அந்த ஸ்கிரிப்ட்டின் முதல் 20 வரிகளை எழுதிவிட்டேன். நீக்கும் வரியை மட்டும் இன்னும் எழுதவில்லை.