ஒரு கிளாஸ் என்றால் எவ்வளவு?

மார்ச் 3, 2025, திங்கள்

உடல் பரிசோதனைக்கு முன்னால் நிரப்பிக் கொண்டுவரச் சொன்ன படிவத்தில் "மது அருந்துவீர்களா?" என்று ஒரு கேள்வி. 'எப்போதாவது' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். கையெழுத்துப் போடும்போது உறுத்தியது. இரவுச் சாப்பாட்டோடு தினமும் ஒரு கிளாஸ் வைன் குடிப்பவள் நான். இதில் எங்கே எப்போதாவது?

மார்ச் 4, செவ்வாய்

உறுத்தலைப் போக்கத்தான் படிக்க உட்கார்ந்தேன். போகவில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதுவை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், சேர்த்தது 1988-லேயே. புகையிலையும் கல்நாரும் இருக்கிற அதே பிரிவு. அதற்காக ஒரு கிளாஸ் வைனும் ஒரு பாக்கெட் சிகரெட்டும் ஒன்று என்று அர்த்தமில்லை. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல.

வைன் நல்லது, விஸ்கிதான் கெட்டது என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. அதுவும் போச்சு. எல்லாவற்றிலும் இருப்பது எத்தனால் என்ற ஒரே ஆல்கஹால். உடல் அதை அசெட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது டிஎன்ஏவைச் சிதைக்கிறது, செல் அதைப் பழுதுபார்ப்பதையும் கெடுக்கிறது. கல்லீரல் வரை போகக்கூட வேண்டாம், வாயில் இருக்கும் பாக்டீரியாக்களே இந்த மாற்றத்தைத் தொடங்கிவிடுகின்றன. பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு: மது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் அளவை ஏற்றுகிறது. மதுவோடு தொடர்புள்ள புற்றுநோய்களின் பட்டியலில் மார்பகப் புற்றுநோய் வர அதுவும் ஒரு காரணம்.

மார்ச் 6, வியாழன்

இன்று அளந்தேன். வழக்கம்போல ஊற்றி, அதைச் சமையலறை அளவுக் கோப்பையில் கவிழ்த்தால் 220 மில்லி! பாட்டிலில் 13.5 சதவீதம் என்று போட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் 23 கிராம் ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம். இத்தனை நாள் 'ஒன்றே ஒன்று' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட ஒன்றே முக்கால்.

மார்ச் 9, ஞாயிறு

அக்காவிடம் போனில் சொன்னேன். "இதயத்துக்கு நல்லதுன்னு நீதானேடி சொன்ன?" என்றாள். சொன்னவள் நான்தான். பழைய ஆய்வுகள் பலவற்றில், உடம்பு சரியில்லாமல் குடியை நிறுத்தியவர்களையும் 'குடிக்காதவர்கள்' கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியமாகத் தெரியாமல் என்ன செய்வார்?

அப்புறம், "சரி, எவ்வளவு கூடுதுன்னு சொல்லு" என்றாள். நியாயமான கேள்வி. 'ஏழு சதவீதம் அதிகம்' மாதிரித் தலைப்புகளைப் பார்த்தால் பயம்தான் வருகிறது, அளவு புரிவதில்லை. இந்த ஜனவரியில் அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரல் (பொதுச் சுகாதாரத்துக்கான அரசின் தலைமை மருத்துவர்) வெளியிட்ட எச்சரிக்கையில் தலைக்கணக்காகவே இருக்கிறது. வாரத்துக்கு ஒரு டிரிங்க்கூடக் குடிக்காத 100 பெண்களில் சுமார் 17 பேருக்கு, மதுவோடு தொடர்புள்ள ஏதாவது ஒரு புற்றுநோய் வாழ்நாளில் வருகிறது. தினம் ஒன்று என்றால் 19 பேர். தினம் இரண்டு என்றால் 22.

"ரெண்டு பேர்தானா?" என்றாள் அக்கா. ஆமாம், 100-க்கு இரண்டு. நிறுத்துவதும் தொடர்வதும் அவரவர் இஷ்டம் என்று விட்டுவிடக்கூடிய எண்தான். ஆனால் என் 220 மில்லி 19-ஐத் தாண்டி 22 பக்கம் போய் நிற்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

ஐந்து நாளாகக் குடிக்கவில்லை. பெரிய வைராக்கியமெல்லாம் இல்லை, பாட்டில் தீர்ந்துவிட்டது, வாங்கவில்லை. குறைத்தால் பயன் உண்டா என்றும் பார்த்தேன். வாய், உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்கு ஆபத்து குறைகிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு அந்த ஆதாரம் இன்னும் குறைவுதான். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

மார்ச் 17, திங்கள்

படிவத்தைக் கொடுக்கும் முன் 'எப்போதாவது' டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, "போன வாரம் வரை தினமும், 220 மில்லி வைன்" என்று எழுதினேன். கட்டத்தில் இடம் போதவில்லை, ஓரத்தில் எழுத வேண்டியதாயிற்று.