பிஸ்டன் கைக்கு வரும் முன் போரிங் போட்ட கதை

இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர் டர்போ எஞ்சின். கம்பெனி கொடுத்த பவரைப் போல இரண்டு மடங்கு எடுக்க வேண்டும் என்பதால் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ஃபோர்ஜ்டு ராடு. எஞ்சினைப் பிரித்தது, கிராங்க் பாலிஷ், வால்வ் வேலை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங் பட்டறைக்கு மட்டும் மூன்று நடை.

முதல் தப்பு என்னுடையது. 0.5 மி.மீ. ஓவர்சைஸ் (வழக்கத்தை விடப் பெரிய) பிஸ்டனை ஆர்டர் செய்துவிட்டு, அது வந்து சேரும் முன்பே பிளாக்கைப் பட்டறையில் இறக்கிவிட்டேன். "அரை மில்லி ஓவர்சைஸ்தானே, பார்த்துக்கிறோம்" என்றார்கள். பழைய வார்ப்பு பிஸ்டனுக்கு விடுகிற 0.04 மி.மீ. கணக்கிலேயே 85.44-க்கு முடித்துக் கொடுத்தார்கள். வந்த பிஸ்டன் 85.40. கூடவே வந்த தாள் கேட்ட கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விடும் இடைவெளி) 0.10. அப்படியே பூட்டியிருந்தால் எஞ்சின் சூடேறிய முதல் ஓட்டத்திலேயே ஜாம் ஆகியிருக்கும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஃபோர்ஜ்டு பிஸ்டனில் பெரும்பாலும் இரண்டு உலோகக் கலவைகள்தான் கிடைக்கும். 4032-ல் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். சூட்டில் குறைவாக விரியும், கிளியரன்ஸ் குறைவாக வைக்கலாம், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சத்தமும் குறைவு. ஆனால் நாக் அடித்தால் (எரிபொருள் தாறுமாறாக வெடித்தால்) ரிங் லேண்ட், அதாவது ரிங் பள்ளங்களுக்கு நடுவே உள்ள வரம்பு, விரிசல் விட்டுவிடும். 2618-ல் சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லை. அதிகம் விரியும், சூடேறும் வரை கடகடவென்று தட்டும். ஆனால் அடி தாங்கும். தினசரி ஓட்டம், மிதமான பூஸ்ட் என்றால் 4032 போதும். எங்களுடையதற்கு 2618-ஐ விட்டால் வழியில்லை.

பிஸ்டனை அளக்கும் இடத்திலும் ஏமாறலாம். ஸ்கர்ட், அதாவது பிஸ்டனின் கீழ்ப் பக்கச்சுவர், நேர் உருளை இல்லை. பீப்பாய் மாதிரி லேசாக வளைந்திருக்கும். பிஸ்டனை ராடோடு கோக்கும் பின்னுக்குச் செங்குத்தான திசையில், தாளில் சொன்ன உயரத்தில் மைக்ரோமீட்டரை வைத்தால்தான் உண்மையான அளவு வரும். பட்டறைக்காரர் ஸ்கர்ட்டின் அடி விளிம்பில் வைத்து வேறு ஓர் எண்ணைச் சொல்லி அரை மணி நேரம் வாதாடினார்.

நல்லவேளை, சிறிதாக வெட்டியிருந்தார்கள். பெரிதாக வெட்டியிருந்தால் இந்த செட் பிஸ்டன் வீண். இரண்டாவது நடைக்கு டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாகப் பிளாக்கில் பூட்டும் கனத்த தகடு) வைத்திருக்கும் வேறு பட்டறையைத் தேடினேன். வெறும் பிளாக்கில் வட்டமாக இருந்த சிலிண்டர், பிளேட்டைப் போட்டு ஹெட் போல்ட்டை முழு டார்க்குக்கு முறுக்கியதும் மேல்பகுதியில் 0.02 கோணிக்கொண்டது. மிச்சமிருந்த 0.06-ல் அதையும் சரிசெய்து 85.50-க்கு ஹோனிங் (சாணைக்கல்லால் நுணுக்கமாகத் தேய்ப்பது) முடித்தார்கள். பிளேட்டுடன் அதே கேஸ்கெட்டும் அதே ஸ்டட்டும் கொடுத்து அனுப்புங்கள். போல்ட் மாறினால் கோணலும் மாறும்.

அடுத்தது ராடு. பிஸ்டன் ஓரிடம், ராடு வேறிடம் என்று வாங்கியதற்குக் கிடைத்த பரிசு: பிஸ்டன் பின் 22 மி.மீ., அது நுழையும் ராடின் சின்னக் கண் 21. எஞ்சின் பெயர் ஒன்றுதான்; தலைமுறை இரண்டு. விற்றவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திருப்பி அனுப்பி மாற்றி வாங்கும் வரை வேலை நின்றது. ஆர்டர் போடும் முன் பின் விட்டம், கிராங்கில் பூட்டும் பெரிய கண்ணின் அகலம், ராடு நீளம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். நீளத்துக்குக் கணக்கு சுலபம்: ஸ்ட்ரோக்கில் பாதி 44, ராடு 150, பின் நடுவிலிருந்து பிஸ்டன் தலை வரை 35, கூட்டினால் 229. பிளாக்கின் டெக் உயரமும் (கிராங்க் நடுவிலிருந்து பிளாக்கின் மேல்பரப்பு வரை) அதுவே என்றால் பிஸ்டன் தலை டெக்கோடு சமமாக நிற்கும்.

ராடின் குறுக்கு வடிவம் எச் பீமா, ஐ பீமா என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட போல்ட் என்ன என்று கேட்பது மேல். ராடைப் பிய்ப்பது பெரும்பாலும் ஆர்பிஎம்தான். 7000-லிருந்து 8000-க்குப் போனால் இழுவிசை சுமார் 30 சதவீதம் கூடும். அதை வாங்குவது போல்ட். ஏஆர்பி 2000 என்ற உலோகக் கலவை போல்ட் எங்கள் தேவைக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்றாவது நடை எங்கள் ராடு எச் பீம் என்பதால் வந்தது. கிராங்கைக் கையால் சுற்றியபோது ராடின் தோள் சிலிண்டரின் அடி விளிம்பில் உரசியது. ஒன்றரை மி.மீ. இடைவெளியாவது வேண்டும். விளிம்பைத் தேய்த்ததால் பளபளவென்று கழுவி வைத்திருந்த பிளாக்கை மறுபடி கழுவ வேண்டியதாயிற்று. பிஸ்டன் அடியில் ஆயில் பீய்ச்சும் ஆயில் ஜெட்டில் ஸ்கர்ட் இடிக்கிறதா என்பதையும் அதே சுற்றில் பார்த்துவிடுங்கள்.

கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது) விஷயத்தில் கேட்டலாக்கை நம்ப வேண்டாம். அவர்கள் சொன்ன 8.8, ஹெட் சேம்பர் 47 சிசி என்ற கணக்கில். ஏற்கெனவே சீவிய எங்கள் ஹெட்டில் பியூரெட் வைத்து அளந்தால் 44 தான், கணக்கு 9.2-க்கு ஏறியது. தடித்த கேஸ்கெட் போட்டால் இறங்கும், ஆனால் குவென்ச் இடைவெளி (பிஸ்டன் தலைக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் நடுவே உள்ளது) பெரிதாகி நாக் அடிக்க வழி திறக்கும். 9.2-லேயே விட்டு, டியூனிங்கில் இக்னிஷன் நேரத்தைத் தாமதப்படுத்தினோம்.

ரிங் கேப் (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி): டர்போவுக்கு விட்டத்தை 0.006-ஆல் பெருக்கி மேல் ரிங்குக்கு 0.51, இரண்டாவதற்கு 0.55. கேப் சிறிதானால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் லேண்டைப் பெயர்த்துவிடும். கொஞ்சம் பெரிதானால் சிறு கசிவோடு போகும்.

ராடு போல்ட்டை டார்க் ரெஞ்சை மட்டும் நம்பி முறுக்காதீர்கள். எஞ்சின் ஆயில் தடவினால் ஒரு இழுவை, போல்ட்டோடு வரும் மசகு தடவினால் வேறு இழுவை. போல்ட் நீள்வதை அளக்கும் ஸ்ட்ரெட்ச் கேஜ் வைத்து, ராடு தாளில் உள்ள அளவுக்கு நீட்டுவதே சரி. பூட்டும் முன் எட்டு போல்ட்டின் நீளத்தையும் தனித்தனியே எழுதி வையுங்கள். அடுத்த முறை கழற்றும்போது 0.025 மி.மீ.க்கு மேல் நீண்டிருக்கும் போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது.