பிளேஜியாரிசம் செக் முதல் ஷோத்கங்கா வரை: நெறியாளர்களுக்கு நூலகத்திலிருந்து

பிஎச்.டி. ஆய்வேடு முடியும் தறுவாயில் நெறியாளருக்கு நூலகத்தில் இரண்டு வேலைகள் உண்டு. சமர்ப்பிக்கும் முன் ஒப்புமைச் சோதனை, அதாவது ஆய்வேடு பிற எழுத்துகளோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று பார்க்கும் பிளேஜியாரிசம் செக். வைவா முடிந்து, பட்டம் அறிவிக்கப்படும் முன், ஷோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) ஏற்றுவதற்கான சாஃப்ட் காப்பி. எல்லாரும் கவலைப்படுவது சதவீதத்தைப் பற்றித்தான். ஆனால் எங்கள் மேசையில் வேலை தேங்குவது பெரும்பாலும் கோப்பினால். தமிழ்த்துறை ஆய்வேடு என்றால் எழுத்துருவினால்.

டிடிபி சென்டரில் பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ அடித்த ஆய்வேடு திரையில் அழகாகத்தான் தெரியும். ஆனால் பாமினியில் ‘அம்மா’ என்ற சொல் கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கிறது. சோதனை சாஃப்ட்வேர் படிப்பது அந்தக் குறிகளை. அதனால் ஒப்புமை பூஜ்யமோ ஒரு சதவீதமோதான் வரும். அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பே இல்லை, நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம். கண்டுபிடிப்பது எளிது. பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழுந்தால் யூனிகோடு, அதாவது கணினி தமிழ் எழுத்தாகவே படிக்கும் பொதுக் குறியீடு. குப்பையாக விழுந்தால் மூல வேர்டு கோப்பை வாங்கி, என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் மாற்ற வேண்டும்.

மாற்றும்போது கெடும் இடங்களும் எப்போதும் ஒன்றுதான். தமிழுக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் கன்வர்ட்டர் பாமினி என்றே எடுத்துக்கொண்டு புரியாத தமிழாக்கிவிடும். எனவே துணைநூற்பட்டியலில் ஆங்கில நூல்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதை மாற்றுங்கள். அடிக்குறிப்புகளும் அட்டவணைகளும் மாறாமலே தங்கிவிடும், ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இயல் இயலாக மாற்றி மெய்ப்புப் பார்க்க ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். யூனிகோடில் அடித்த ஆய்வேட்டிலும் பிடிஎஃப் ஆக்கியபின் சில சமயம் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளில் கொம்பு பிரிந்து தனியே நிற்கும். சோதனைக்கு வேர்டு கோப்பையே கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இனி சோதனை. யுஜிசியின் 2018 விதிகளின்படி ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் நடவடிக்கை இல்லை. 10க்கு மேல் 40 வரை முதல் நிலை: ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை போனால் ஓராண்டு திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகச் சுட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகங்கள், நிலையான சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் சேரா. பொதுவழக்காகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் தொடர் 14 சொற்கள் வரை விலக்கு.

விதியில் விலக்கு இருக்கிறது என்பதற்காக சாஃப்ட்வேர் தானாக விலக்கிவிடாது. மேற்கோளை அது அடையாளம் காண்பது பெரும்பாலும் இரட்டை மேற்கோள் குறியைப் பார்த்துத்தான். தமிழ் ஆய்வேடுகளிலோ சங்கப் பாடலை உள்தள்ளி, குறியே இல்லாமல் போடுவதுதான் வழக்கம். அகநானூற்றுப் பாடல்கள் நிறைந்த இயல் ஒன்று அதனாலேயே 30 சதவீதம் காட்டக்கூடும். பாடலைத் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் குறி இட்டால் எண் சட்டென்று இறங்கும்.

மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல் மூலவாரியான பட்டியலைப் பாருங்கள். அறுபது மூலங்களில் துளித்துளியாக ஒத்துப்போவதற்குப் பெரிய பொருள் இல்லை. ஒரே மூலத்திலிருந்து 6 சதவீதம் வந்தால், மொத்தம் 9 என்றாலும், அந்தப் பக்கங்களை நெறியாளர் படித்தே ஆக வேண்டும். பழைய தமிழ் நூல்கள் பல இணையத்தில் படமாக மட்டுமே இருப்பதால் சாஃப்ட்வேருக்கு அவை தெரியாது. அங்கே நெறியாளரின் கண்தான் சோதனை. ஆய்வாளர் தாமே வெளியிட்ட கட்டுரைகள் ஒப்புமையில் வந்தால், அவற்றின் பட்டியலோடு நெறியாளர் கடிதம் கொடுங்கள். அதை வைத்துத்தான் அந்த மூலங்களை நீக்கிப் புது ரிப்போர்ட் எடுக்க முடியும்.

இன்னொன்று. ‘முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்’ என்று வெளிக் கடைகளில் காசு கொடுத்துச் சோதிக்காதீர்கள். அங்கே கோப்பு சேமிப்பில் தங்கிவிட்டால், பிறகு நாங்கள் சோதிக்கும்போது ஆய்வேடு தன்னோடு தானே 90 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகும். மத்திய அரசின் ஷோத்சுத்தி திட்டத்தில் 2019 முதல் பல்கலைக்கழகங்களுக்கு இந்தச் சோதனை வசதி கட்டணமின்றிக் கிடைக்கிறது (முதலில் ஊர்குண்ட், பிறகு டிரில்பிட் என்ற சாஃப்ட்வேர்). வரைவு நிலையிலேயே கேளுங்கள், சேமிக்காமல் பார்த்துத் தருகிறோம்.

ஷோத்கங்காவுக்கு ஒரே பெரிய கோப்பு ஆகாது. 01 தலைப்புப் பக்கம், 02 சான்றிதழ், உறுதிமொழி முதலிய முன்பக்கங்கள், 03 பொருளடக்கம், 04 சுருக்கம், 05 முதல் ஒவ்வோர் இயல், பிறகு பின்னிணைப்பு என்று தனித்தனி பிடிஎஃப். கடைசியாக 80 என்ற எண்ணில் ஒன்று. தலைப்புப் பக்கமும் முடிவுரை இயலும் சேர்ந்தது அது, பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதுதான். கையெழுத்துள்ள சான்றிதழ்ப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். முழு ஆய்வேட்டையும் ஸ்கேன் செய்து கொண்டுவந்தால் உள்ளே தேட முடியாது, திருப்பி அனுப்புவோம். கடவுச்சொல்லும் கூடாது. காப்புரிமை விண்ணப்பமோ நூல் வெளியீடோ நிலுவையில் இருந்தால், ஏற்றும் முன்பே கடிதம் கொடுங்கள்.

உங்கள் பெயரை எல்லா ஆய்வேட்டிலும் ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள். இன்ஷியல் ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னும் வந்தால் தளத்தில் இரண்டு நெறியாளர்களாகப் பிரிந்துவிடும். பதவி உயர்வுக்கு வழிகாட்டிய ஆய்வேடுகளைக் கணக்குக் காட்டும்போதுதான் இது தெரியவரும். ஏறிய பிறகு இணைப்பைத் திறந்து பெயர், தலைப்பு, ஆண்டு ஆகியவற்றைச் சரிபார்த்துவிடுங்கள். பிழை இருந்தால் ஆய்வாளரிடம் சொல்லிப் பயனில்லை, பல்கலைக்கழகத்தின் ஷோத்கங்கா ஒருங்கிணைப்பாளர் வழியாகத்தான் திருத்த வேண்டும்.