ஹாலுக்குள்ள வந்த கக்கூஸ் குழாய்

"இதுல தண்ணி எங்கிட்டுடா போகும்?"னு அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். நடு ஹால்ல ஒரு மரப்பெட்டி. அதுல நாலு இஞ்ச் பிவிசி குழாய் வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கு. மத்த வீட்லயெல்லாம் அந்தக் குழாய் கக்கூஸ்ல இருந்து வெளிய போகும். எங்க வீட்ல மட்டும் உள்ள வந்திருக்கு.

12 இஞ்ச் வூஃபர், அதான் தும்முன்னு அடிக்கிற அடிச்சத்தத்துக்கான ஸ்பீக்கர், வாங்கினதுக்கு அப்பா ரெண்டு நாள் பேசாம இருந்தது தெருவுக்கே தெரியும். அதுக்கான பெட்டிதான் இது. 18 எம்எம் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்யிற பலகை), உள்ளளவு 40க்கு 40க்கு 35 சென்டிமீட்டர். மொத்தம் 56 லிட்டர். வூஃபரும் குழாயும் அடைச்சுக்கிற இடம் போக 50 தேறும். பலகை அறுத்துக் கொடுத்த ஆசாரி, "என்ன தம்பி, கோழிக்கூண்டா?"ன்னாரு. ஆமான்னுட்டேன். விளக்கப் போனா கூலி ஏறும்.

குழாய்க் கணக்கையும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து போட்டேன். குழாய்க்குள்ள இருக்கிற காத்தும் சேந்து அதிர்ந்து அடிச்சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும்; எந்தச் சுருதியில அதிரணும்ங்கிறதை நீளம்தான் முடிவு பண்ணும். 50 லிட்டர் பெட்டி, சுருதி 35 ஹெர்ட்ஸ், 10 சென்டிமீட்டர் வாய். நீளம் 31 வந்துச்சு. கணக்குல ஒரு பிசகும் இல்ல. பெட்டியோட ஆழமே 35தான்ங்கிறதுதான், ஃபெவிகால் காஞ்சு ஸ்க்ரூ எல்லாம் முடுக்குனப்புறம் உறைச்சுது. குழாய்க்குப் பின்னாடி நாலே சென்டிமீட்டர். குழாயோட அகலத்துக்காவது இடம் விடலேன்னா காத்து மூச்சு முட்டும். ஆக்ஸா பிளேடை எடுத்து அறுத்து 15 ஆக்கினேன்.

நீளத்தைக் குறைச்சா சுருதி ஏறும்னு புல்லாங்குழல் வாசிக்கிற சின்னப் பயலுக்குத் தெரியும். 35 ஹெர்ட்ஸ் 46க்கு எகிறிருச்சு. குத்துப்பாட்டுக்கும் தும், தாலாட்டுக்கும் தும், சாமி பாட்டுக்கும் அதே தும். ஒவ்வொரு தும்முக்கும் சமையக்கட்டுல தட்டு ஸ்டாண்டு கலகலங்குது, பீரோ கைப்பிடி ஆடுது. அம்மா மூணு தடவை சிலிண்டர் வண்டி வந்துருச்சுன்னு புத்தகத்தை எடுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடிட்டாங்க. மூணாவது தடவை திரும்பி வந்தப்ப அவங்க பார்த்த பார்வையை எழுத முடியாது.

வேற வழியில்ல, குழாயை மடக்கணும். கடையில நாலு இஞ்ச் பெண்டு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "ஒண்ணு போதுமா? எத்தனை பாத்ரூம்?"ன்னான். நடுக்கோட்டை அளந்து, பெண்டோட சேத்து 31 வர்ற மாதிரி மாட்டியாச்சு.

இப்ப எங்கிட்டோ உஸ்ஸுன்னு ஒரு சத்தம். காத்து ஒழுகுது. இதுக்கு ஊதுபத்திதான் மருந்து. போன்ல 40 ஹெர்ட்ஸ் ஒரே சீராப் போட்டுவிட்டு, பத்தியைப் பொருத்தி ஒவ்வொரு இணைப்பா மெதுவாக் கொண்டு போனா, ஓட்டை இருக்கிற இடத்துல புகை பதறும். நான் முட்டி போட்டுப் பெட்டியைச் சுத்திக்கிட்டு இருக்கேன், வீடு பூரா ம்ம்ம்முன்னு ஓங்காரம். எதிர்வீட்டு அத்தை சன்னல்ல எட்டிப் பாத்து, "ஆயுத பூஜைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கேடா"ன்னாங்க. சத்தம் ஜாஸ்தின்னு ஒரு குறையும் சேத்துச் சொன்னாங்க. ஆடி மாசம், போஸ்ட் கம்பத்துல கட்டுன குழாய் ஸ்பீக்கர் காலையில அஞ்சு மணியில இருந்து அவங்க மாடியைப் பாத்துத்தான் கத்துது. அது அம்மன், நான் யாரு?

அம்மாவுக்குத்தான் கண்ணு கலங்கிருச்சு. வெள்ளிக்கிழமைகூடப் பத்தி கொளுத்தாத பய. ஒண்ணும் பேசாம வந்து பெட்டி நெத்தியில குங்குமம் வச்சுட்டுப் போனாங்க. ஓட்டை, ஒயர் போற இடத்துல இருந்துச்சு. எம்சீல் வச்சு அடைச்சேன்.

நேத்து சாயங்காலம் நம்ம சவுண்ட் சர்வீஸ் மாப்ள வந்தான். 18 இஞ்ச்சை ஜோடி ஜோடியா அடுக்குறவன், நம்மதை மதிக்கவே மாட்டான். பாட்டைப் போட்டேன். பெட்டி மேல கையை வச்சுக் கண்ணை மூடிட்டான். "மாப்ள, இப்பத்தான்டா அடி சுத்தமா விழுகுது. தும்முன்னு அடிச்சா அதோட நிக்குது, வால் இழுக்கல." எனக்கு உச்சி குளுந்துருச்சு. கோலி சோடா பாட்டில் வாயில ஊதுறதுல ஆரம்பிச்சு, அந்தக் காத்து அதிர்வுக்குக் கணக்குச் சொன்ன ஹெல்ம்ஹோல்ட்ஸ், பெண்டோட நடுக்கோடு வரைக்கும் அரை மணி நேரம் விடாமச் சொன்னேன்.

"அந்தப் பெண்டைக் காட்டு"ன்னு போன் டார்ச்சைக் குழாய்க்குள்ள அடிச்சான். உள்ள என்னமோ ரோஸ் கலர்ல தெரிஞ்சுது. இழுத்தான். வந்துச்சு, வந்துக்கிட்டே இருந்துச்சு. அம்மாவோட பழைய பூப்போட்ட நைட்டி.

சமையக்கட்டுல இருந்து குரல்: "அதை எடுக்காதடா! எலி உள்ள போகுதுன்னு முந்தாநாளே அடைச்சு வச்சேன்."

மாப்ள சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறான். குழாயை அடைச்சா அது வெறும் மூடுன பெட்டி. நான் மடக்கின பெண்டு ரெண்டு நாளா சும்மாதான் கிடந்திருக்கு. துணி இல்லாம ஒரு தடவை போட்டோம். பத்துக்குப் பன்னண்டு ஹாலு, பெட்டி மூலையில. மூலை வேற தன் பங்குக்குத் தூக்கிக் கொடுக்குது. தட்டு ஸ்டாண்டு கலகலன்னுச்சு. அம்மா சிலிண்டர் புத்தகத்தைத் தேடுறதுக்குள்ள நிறுத்திட்டு, நைட்டியைத் திருப்பித் திணிச்சேன். திரும்பவும் சுத்தமான அடி.

இன்னைக்குக் காலையில அம்மா அடுப்பு தொடைக்கத் துணி இல்லன்னு அதை உருவிட்டாங்க. பதிலுக்கு அப்பாவோட பனியன் ரெண்டு, ஒரு ஈரிழைத் துண்டு எல்லாம் திணிச்சுப் பாத்துட்டேன். நைட்டி அளவுக்கு வரல.