கிட்ட வந்ததா, பரந்ததா?

"சேர், கலங்கள் கிட்ட வந்திட்டுதா, இல்லாட்டிப் பரந்திட்டுதா?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். "கிட்ட வந்திட்டுது, அப்படியே எழுதுங்க" என்றேன். அரை நிமிடப் பேச்சு. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

உயிர்க்கலங்களைத் தங்க மின்வாயின் மேல் விட்டு, அவை அதில் எப்படி ஒட்டுகின்றன என்று மின்தடையைக் கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். மின்வாய் கால் மில்லிமீற்றர் விட்டம். அதை 10 மில்லிமோலர் சிஸ்டீன் என்ற அமினோ அமிலக் கரைசலில் பத்து நிமிடம் வைத்துக் கழுவி, அடிப்படை அளவு நிலைத்த பிறகுதான் கலங்களை விட்டோம். கலங்கள் ஒட்டுவதற்காகத் தங்கத்தின் மேல் பூசும் புரதத்தை மாற்றிய கிண்ணங்களில் 4000 ஹேர்ட்ஸில் தடை ஏறியது. திருகோணமலையில் தடை ஏறினால் முதலில் மின்வாயைக் கருவியோடு இணைக்கும் தொடுமுனைகளைத்தான் பார்க்க வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் கடலுப்பு பெட்டிக்குள்ளும் புகுந்து பச்சை பிடிக்க வைக்கும். அதற்கு 64,000 ஹேர்ட்ஸைப் பார்ப்போம். அந்த மீடிறனில் மின்னோட்டம் மென்சவ்வை ஊடுருவிப் போவதால் கலங்கள் தடையை அவ்வளவாகக் கூட்டமாட்டா; அங்கேயும் ஏறியிருந்தால் பழுது முனையில். ஏறவில்லை. கலங்கள் கிடக்கும் திரவ ஊடகம் வற்றியிருக்குமோ? வற்றினால் உப்புச் செறிவு கூடித் தடைத்திறன் குறையும், தடை ஏறாது. இதுவரை நான் சரி.

மிச்சம் இருந்தது கலத்துக்கும் தங்கத்துக்கும் நடுவில், 4000 ஹேர்ட்ஸில் மின்னோட்டம் கலத்துக்கு அடியால் வழிந்து போகும் இடுக்கு. 60 நனோமீற்றர் என்று வையுங்கள். ஊடகத்தின் தடைத்திறன் ஏறத்தாழ 60 ஓம் சென்ரிமீற்றர். இடுக்கிலுள்ள அந்த ஊடகப் படலத்தில் எந்தச் சதுரத் துண்டை எடுத்தாலும் ஓரத்துக்கு ஓரம் 1 கோடி ஓம்! கலம் இன்னும் 30 நனோமீற்றர் இறங்கினால் அது 2 கோடி. கண்ணுக்குத் தெரியாத இறக்கம் கருவிக்குத் தெரிவது அதனால்தான். மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தினூடே இலத்திரன்கள் ஊடுருவுவதைக் காட்டி 1973இல் நோபல் பரிசு பெற்ற ஐவர் கியாவர்தான், சார்ள்ஸ் கீஸுடன் சேர்ந்து இந்த இடுக்கையும் அளக்க வழி செய்தார்.

ஆனால் அவர்கள் 1991இல் தந்த கணித மாதிரியுருவில் இடுக்கின் உயரம் தனியாக வருவதில்லை. கல ஆரையை உயரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்த ஒரே எண்ணாகத்தான் வரும். எங்களுக்கு அது 1.4 மடங்கு ஏறியிருந்தது. உயரம் பாதியானாலும் 1.4, ஆரை 1.4 மடங்கானாலும் 1.4. பிள்ளை கேட்டது இதைத்தான்.

புதுப் புரதத்தில் கலம் இறுகப் பிடிக்கும் என்பது நியாயமான ஊகம், அதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் அதே புரதம் கலத்தைப் பரப்பவும் செய்யும். பரந்திருந்தால் ஒரு கலத்தின் பரப்பு இரட்டித்திருக்கும். மின்வாயின் மேல் எண்ணிக்கை பாதியாகியிருக்கும். தங்கப் படலம் ஒளி புகும் அளவுக்கு மெல்லியது. நுணுக்குக்காட்டியில் வைத்து எண்ணப் பத்து நிமிடம் போதும்.

அன்று மாலை, எண்ணாமலே, அந்தக் கிண்ணங்கள் இருந்த தட்டைக் கழுவச் சொன்னதும் நான்தான். அறிக்கையில் "கிட்ட" என்றே இருக்கிறது, அவளுடைய கையெழுத்தில்.