போல்ட் தலையில் ஒரு எஃப்

மூன்று மாதமாக இதற்காகத்தான் காத்திருந்தேன். இன்று காலை என் பழைய ஜீப்பின் முன் பம்பர் போல்ட்டில் கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டச் சுரண்ட, அதன் தலையில் சின்னதாக ஓர் 'எஃப்' எழுத்துத் தெரிந்தது. கை நடுங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போர் ஜீப்பை அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் மட்டும் செய்யவில்லை. அதே வடிவத்தை ஃபோர்டும் செய்தது. 1945 வரை இரண்டும் சேர்ந்து 6 இலட்சத்துக்கு மேல். ஃபோர்ட் தன் போல்ட்டில்கூட எஃப் பொறித்தது. வில்லிஸில் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய். என்னுடையதில் கவிழ்த்து வைத்த 'ப'. இது ஃபோர்டோ என்று அப்போதே சந்தேகம்தான்.

மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு நெல் களஞ்சியத்துக்குப் பின்னால், சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டி இது. சீட்டுக்குக் கீழேதான் பெற்றோல் டாங்கி, அது முழுக்க ஓட்டை. யாரோ டீசல் எஞ்சின் ஏற்ற கிரில்லை வெட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் மனம் நொந்தது. தகட்டு வேலை செய்யும் காத்தான்குடிக் காக்கா ஒருவர் கிரில்லின் ஒன்பது பிளவையும் அளந்து புதுத் தகட்டில் வெட்டித் தந்தார். "தம்பி, கல்லடிக் காத்துல தகட்டை ஒரு ராவும் வெறுமனே விடாதீங்க, உப்பு தின்டுரும்" என்றார். அன்றிரவே ரெட் ஒக்சைட் பூசிவிட்டேன்.

1942 ஏப்ரல் 9 இல் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் இன்னும் நம் கடலடியில் கிடக்கிறது. அந்தக் காலத்து இரும்பு ஒன்றாவது கல்லடிப் பாலத்தில் ஓட வேண்டும்.

சரி, 6 வோல்ட் டைனமோ எங்காவது கிடந்தால் சொல்லுங்கள். உடைந்திருந்தாலும் பரவாயில்லை, வந்து எடுத்துக்கொள்கிறேன்.