ஜான் பன்யன் சிறையிருந்த ஊரில்

இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு போய்ச் சேர்ந்ததும் நான் முதலில் தேடிப் போனது, சில்வர் தெருவும் ஹை தெருவும் சந்திக்கிற மூலையைத்தான். மோட்சப் பயணக் கதையை எழுதிய பிரசங்கியார் ஜான் பன்யன் 12 ஆண்டுகள் அடைபட்டிருந்த சிறை அங்கேதான் இருந்தது. இப்போது கட்டிடம் இல்லை, அடையாளமாக நடைபாதையில் ஒரு பதிகல் மட்டும் இருக்கிறது. ஓரமாக நின்று ஜெபித்தேன்.

பன்யன் ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் பற்றவைத்துப் பிழைத்தவர். பட்டம் எதுவும் படிக்காதவர். 1660 நவம்பரில் லோயர் சாம்செல் என்ற சிற்றூரில் வசனம் பேச நின்றபோது பிடித்தார்கள். வாரண்டு வந்திருப்பது அவருக்கு முன்பே தெரியும். கூட்டத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டவருக்கு மாட்டேன் என்றார்.

அரசின் திருச்சபையை விட்டுத் தனியே கூடுவது அன்றைக்குக் குற்றம். பொது ஜெபப்புத்தகத்தைக் கொண்டு ஜெபிக்கவும் பன்யன் மறுத்தார். அந்த ஜெபப்புத்தகத்தோடு வளர்ந்த திருநெல்வேலிக்காரன் நான். எங்கள் சபைகளை வளர்த்ததும் அதே ஆங்கிலிக்கன் திருச்சபைதான். அதில் ஞானஸ்நானம் பெற்ற எங்கள் ஊர் ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பன்யன் எழுதிய மோட்சப் பயணக் கதையைத்தான் 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காவியமாகத் தந்தார். அடைத்துப்போட்ட சபையின் பிள்ளையைக் கொண்டே அடைபட்டவரின் கதையைப் பாட வைத்த கர்த்தரை என்ன சொல்லித் துதிப்பது!

மில் தெருவில், அவர் போதகராக இருந்த சபையின் ஆலயமும் அருங்காட்சியகமும் ஒன்றாக இருக்கின்றன. அவருடைய சிறைக்கதவு என்று சொல்லும் ஒரு கனத்த மரக்கதவு அங்கே இருக்கிறது. பக்கத்தில் ஒரு மண்குடுவை. பார்வையில்லாத மகள் மேரி அதில்தான் அப்பாவுக்கு சூப் கொண்டுபோவாள் என்பது வழிவழியாக வரும் செய்தி. இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். இன்று விட்டால் நாளைக்கே பிரசங்கிப்பேன் என்றார். ஆனால் மனைவி மக்களைப் பிரிந்திருப்பது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதுபோல் இருந்தது என்றும், எல்லாரையும்விட அந்தக் கண் தெரியாத பிள்ளையை நினைத்தே நெஞ்சு உடைந்தது என்றும் எழுதியிருக்கிறார். குடுவைக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன்.

அப்புறம் ஆற்றுப் பாலத்தருகே ஸ்வான் விடுதிக்குப் போனேன். இன்றுள்ளது பிற்காலத்துக் கட்டிடம். பன்யனைத் தேடி வருகிறவர்கள் இந்த இடத்தைத் தவறவிடக் கூடாது என்பேன், ஏனென்றால் இது அவருடைய இரண்டாவது மனைவி எலிசபெத்தின் இடம். கணவர் கைதான அதிர்ச்சியில் வயிற்றுப் பிள்ளையை இழந்தவள். மூத்தவளின் நான்கு பிள்ளைகளையும் ஊராரின் தருமத்தில் காப்பாற்றி வந்தவள். மனு எடுத்துக்கொண்டு லண்டன் வரை போய் வந்தவள். 1661 ஆகஸ்டில் நீதிபதிகள் ஸ்வானில் இருக்கிறார்கள் என்று அறிந்து நேரே உள்ளே போய் நின்றாள்.

அவள் புருஷன் என்ன தொழில் செய்கிறான் என்று விசாரித்தார்கள். பாத்திரம் பற்றவைக்கிறவன் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். ஆமாம், அந்தத் தொழில் செய்கிற ஏழை என்பதால்தான் அவரை இழிவாக நினைக்கிறார்கள், நியாயமும் கிடைக்கவில்லை என்றாள் எலிசபெத். ட்விஸ்டன் என்ற நீதிபதி சீறினார். மேத்யூ ஹேல் மட்டும் இரங்கி, ராஜாவிடம் முறையிடும் வழியைச் சொல்லி அனுப்பினார். விடுதலை கிடைக்கவில்லை. அதற்கு 1672 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அழுதுகொண்டே வெளியே வந்தாள். தன்னிடமும் தன் கணவரிடமும் கல்நெஞ்சாக நடந்தார்களே என்பதற்காக அவ்வளவாக அழவில்லையாம். கர்த்தர் வரும் நாளில் இந்த மனிதர்கள் என்ன கணக்கு ஒப்புவிக்கப்போகிறார்களோ என்று நினைத்துத்தான் அழுதாளாம். பன்யனின் பொறுமைக்காக ஸ்தோத்திரம் சொல்லத்தான் பெட்ஃபோர்டுக்குப் போனேன். ஸ்வான் வாசலில் எலிசபெத்துக்காகவும் ஸ்தோத்திரம் சொன்னேன். எனக்குத் தீங்கு செய்தவர்களின் பெயர்களைச் சொல்லி ஜெபிக்கவும் அங்கேதான் மனம் வந்தது.